சமத்து என்றால் என்ன சமத்து?

ஜனவரி 8, காலை

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “என் மகளுக்கு ஐந்து வயது. வீட்டுக்கு வந்த ஒருவர் அவளை ‘சமத்து’ என்றார். அவர் போனதும் ‘சமத்துன்னா என்னம்மா?’ என்று கேட்டாள். அகராதியைப் பார்த்தேன். சமர்த்து என்றால் திறமை என்று இருக்கிறது. அவள் அன்று ஒரு திறமையும் காட்டவில்லை. ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். சும்மா இருப்பது எப்படித் திறமையாகும்? சமத்து என்பது பாராட்டே இல்லை, ‘தொந்தரவு பண்ணாதே’ என்பதைக் கொஞ்சிச் சொல்வது என்று நினைக்கிறேன்.”

அகராதியின் மேல் தப்பில்லை. வடமொழியில் ‘சமர்த்த’ என்றால் வல்ல, தகுதியுள்ள, எடுத்த காரியத்துக்கு ஈடுகொடுக்கிற. அது தமிழுக்கு வந்து சமர்த்து, சமர்த்தன், சாமர்த்தியம் என்று குடும்பமாகக் குடியேறியது. பேச்சில் ரகர ஒற்று உதிர்ந்து சமத்து. பார்த்து ‘பாத்து’ ஆகிறதே, சேர்த்து ‘சேத்து’ ஆகிறதே, அதே வழி.

ஆனால் அகராதி பார்த்துவிட்டு யாரும் குழந்தையைக் கொஞ்சுவதில்லை. வீட்டில் புழங்கும் சமத்துக்கும் திறமைக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது. உங்கள் முடிவில் எனக்கு முக்கால்வாசி சம்மதம். மீதிக் கால்வாசியை யோசித்துச் சொல்கிறேன்.

ஜனவரி 8, இரவு

யோசிக்கப் போனால் நானே வந்து நிற்கிறேன்.

எங்கள் வீட்டில் நான் சமத்து, அக்கா வாலு. யார் எப்போது இப்படிப் பங்கு பிரித்தார்கள் என்று தெரியாது, எனக்கு நினைவு தெரிந்தபோது பிரித்து முடித்திருந்தார்கள். யாராவது வந்தால் அக்கா மொட்டைமாடியிலிருந்து ஒரு சத்தம், நான் சுவரோரம் கால் மடக்கி ஒரு பொம்மை. “பையன் எவ்வளவு சமத்து!” என்பார்கள். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகு அசைய முடியாது. கால் மரத்துப்போகும். அப்போதும் அசைய மாட்டேன்.

ஆறு வயதில் ஒருமுறை காதுவலி. இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் தலையணையில் ஈரத்தைப் பார்த்துவிட்டு அம்மா “ஏன்டா சொல்லல?” என்று கேட்டாள். நான் சொன்ன பதில்: “நான் சமத்து.”

அதனால் வாசகி சொல்வது எனக்குப் புரிகிறது. கெட்டிக்காரன் என்று பெயர் வாங்க ஏதாவது செய்தாக வேண்டும், ஒரு கணக்குப் போட வேண்டும், ஒரு பாட்டு ஒப்பிக்க வேண்டும். சமத்து என்று பெயர் வாங்கச் செய்யாமல் இருந்தால் போதும். அழவில்லை, உடைக்கவில்லை, கேட்கவில்லை, குறுக்கே பேசவில்லை. ‘இல்லை’களைக் கூட்டினால் வரும் தொகைக்குப் பெயர் சமத்து.

ஜனவரி 9

இல்லை என்றதும் இன்னொன்று ஞாபகம் வந்தது. சமத்து எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து அதன் வேலை மாறுகிறது.

“சமத்தா சாப்பிட்டுட்டா” என்றால் காரியம் முடிந்தது, பாராட்டு. “சமத்தா சாப்பிடு” என்றால் இன்னும் முடியவில்லை, கட்டளை. “என் சமத்துல்ல, ஒரே ஒரு வாய்” என்றால் கட்டளை தோற்றுவிட்டது, கெஞ்சல். இந்த மூன்றாவதுதான் அழகு. அந்த ‘ல்ல’ பிறப்பால் ‘இல்லை’. ‘நீ என் சமத்து இல்லையா?’ என்ற கேள்வி தேய்ந்து தேய்ந்து அப்படி ஆகியிருக்கிறது. என் கண்ணுல்ல, என் ராஜால்ல, என் தங்கம்ல. சொல்லளவில் மறுப்பு, பொருளளவில் ‘நீதான், வேறு யார்?’ என்ற அழுத்தம். குழந்தைக்கு இலக்கணம் தெரியாது, ஆனால் ‘ல்ல’ வந்துவிட்டால் பேரம் பேசலாம் என்பது நன்றாகத் தெரியும்.

நான்காவது ஒன்றும் உண்டு. “ரொம்ப சமத்துதான், போ.” இதை விளக்க வேண்டியதில்லை. பூட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை உள்ளேயே வைத்துவிட்டு வந்தவரிடம் சொல்வது.

வல்லமைச் சொல்லைக் குத்தலுக்குத் திருப்புவது இன்று நேற்றுப் பழக்கம் இல்லை. திருப்பாவையின் 15-ஆம் பாட்டில், எழுந்திருக்காமல் உள்ளேயிருந்தே பேசுகிற பெண்ணிடம் வெளியே நிற்பவர்கள் “வல்லை உன் கட்டுரைகள் பண்டே உன் வாயறிதும்” என்கிறார்கள். உன் பேச்சுச் சாமர்த்தியம் எங்களுக்குத் தெரியாதா என்று. அவள் சளைக்காமல் “வல்லீர்கள் நீங்களே” என்று திருப்புகிறாள். நான் படிக்கும்போது அந்த இடம் “நீங்கதான் பெரிய சமத்து” என்றுதான் காதில் விழுகிறது. அடுத்த மூச்சிலேயே “நானேதான் ஆயிடுக” என்று விட்டுக்கொடுத்தும் விடுகிறாள். சண்டையை முடிக்கத் தெரிந்தவள். எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாலும் அவள் சமத்துதான்.

ஜனவரி 11

இரண்டு நாளாகப் பழைய பாட்டுகளில் சமத்துப் பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். சொல்லை அல்ல, ஆளை. கிடைக்கவில்லை!

புறநானூறு 188, பாண்டியன் அறிவுடை நம்பி பாடியது. குறுகுறு நடந்து, சிறுகை நீட்டி, இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும், நெய்யுடை அடிசில் மெய்பட விதிர்த்தும். அதாவது தட்டில் இருந்ததைக் கீழே போட்டு, தோண்டி, வாயால் கவ்வி, கையால் பிசைந்து, கடைசியில் உடம்பெல்லாம் அப்பிக்கொண்ட பிள்ளை. அதற்கு அரசன் வைத்த பெயரடை ‘மயக்குறு’. மயக்குறு மக்கள் இல்லாதவர்களுக்கு வாழ்நாளில் பயன் என்று எதுவும் இல்லை என்று முடிக்கிறான். (தரையைத் துடைத்தது அவன் இல்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.)

பிள்ளைத்தமிழ் என்று ஒரு முழு இலக்கிய வகையே குழந்தையைக் கொஞ்சுவதற்காக இருக்கிறது. பத்துப் பருவங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று ஏழு பொது. ஆண்பிள்ளைக்கு அப்புறம் சிற்றில், சிறுபறை, சிறுதேர். ஆடுகிறது, கைகொட்டுகிறது, நடந்து வருகிறது, பறை கொட்டுகிறது, தேர் உருட்டுகிறது. சிற்றில் பருவத்தில் பெண்பிள்ளைகள் மணலில் கட்டிய சின்ன வீட்டைக் காலால் எற்றிச் சிதைக்கப் போகிறான், அவர்கள் வேண்டாம் என்று கெஞ்சுகிறார்கள். சுவரோரம் கால் மடக்கி உட்காரும் பருவம் என்று ஒன்று அந்தப் பட்டியலில் இல்லை.

குறளில் மக்கட்பேறு அதிகாரத்தையும் பாருங்கள். 64-இல் சிறுகை அளாவிய கூழ். 66-இல் மழலை. அடுத்த குறளிலேயே ஒரே தாவாக அவையத்து முந்தியிருத்தல். கூழில் கை விட்ட பிள்ளை நேராகச் சபைக்குப் போய்விடுகிறது. நடுவில் சமத்துக்கு இடமே இல்லை.

ஆக, பாட்டில் நாம் கொஞ்சியது குறும்பை, வீட்டில் கொஞ்சுவது அடக்கத்தை.

ஜனவரி 12

அவசரப்பட்டுவிட்டேன். ஒருவர் மரியாதையாகத் தலையில் குட்டியிருக்கிறார்: “அதே அதிகாரத்தில் 62-ஐத் தாண்டிக் குதித்துவிட்டீர்களே?” உண்மைதான். “எழுபிறப்பும் தீயவை தீண்டா பழிபிறங்காப் பண்புடை மக்கட் பெறின்.” பண்புடை மக்கள் இருக்கிறார்கள், கூழுக்கு முன்பே இருக்கிறார்கள். ‘இடமே இல்லை’ என்றது தப்பு.

ஆனாலும் பழிபிறங்காப் பண்பு வேறு, வந்தவர் முன்னால் வாய் திறக்காமல் இருப்பது வேறு என்று நினைக்கிறேன். இதைச் சொல்லும்போது சாக்குச் சொல்கிற மாதிரி எனக்கே தெரிகிறது.

ஜனவரி 12, சற்றுப் பின்

இன்னொருவர்: “மெய்ப்புத் திருத்துவது தொழில் என்கிறீர்கள், ‘சமத்து பிள்ளை’ என்று எழுதுகிறீர்கள்.” திருத்திவிட்டேன். சமத்துப் பிள்ளை, சமத்துக் குட்டி. வன்தொடர்க் குற்றியலுகரம், பின்னால் வல்லினம் வந்தால் மிகும். பிறருடைய ஒற்றைத் தேடித் தேடிப் போடுகிறவன் தன் ஒற்றை விட்டுவிடுவது தொழில் தர்மம்.

ஒற்று பேச்சு வந்ததால் கேட்கிறேன், சமத்து பெயரடைதானா? கண்டிப்பாகச் சொன்னால் இல்லை. அது பெயர்ச்சொல். ‘சமத்துப் பிள்ளை’யில் பெயரே அடையாகப் போய் நிற்கிறது. ‘ஆன’ சேர்த்து ‘சமத்தான பிள்ளை’ என்று ஒழுங்கான பெயரடை ஆக்கலாம். ஆக்கிச் சொல்லிப் பாருங்கள். சூடு போய்விடுகிறது. ‘சமத்தான பிள்ளை’ என்பது ஆசிரியர் மதிப்பெண் அட்டையில் எழுதுவது. ‘சமத்துப் பிள்ளை’ மடியில் வைத்துக்கொண்டு சொல்வது.

இன்னும் நெருங்கினால் பிள்ளையும் போய்விடும். “நீ சமத்து.” அழகும் அப்படித்தான், “நீ அழகு.” செல்லமும் அப்படித்தான். உன்னிடம் அந்தக் குணம் இருக்கிறது என்று சொல்வதில்லை, நீயே அந்தக் குணம் என்று சொல்லிவிடுகிறோம். கொஞ்சலுக்கு இது பிரமாதம். ஆனால் ஆறு வயதில் காதுவலியோடு படுத்திருப்பவனுக்கு இது பெரிய சிக்கல். குணத்தை ஒருநாள் கழற்றி வைக்கலாம், தன்னையே கழற்றி வைப்பது எப்படி?

ஜனவரி 15

“இந்த வியாதி தமிழுக்கு மட்டுமா?” என்று ஒரு கேள்வி. இல்லை, நன்றாகவே பரவியிருக்கிறது.

ஜெர்மனில் ‘ப்ராவ்’. வீரமான, துணிச்சலான என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது, ஆங்கிலத்தின் ‘பிரேவ்’ அதற்கு உறவு. இன்று ஜெர்மன் வீட்டில் ப்ராவ் என்றால் சொன்ன பேச்சுக் கேட்கிற குழந்தை. நாய்க்கும் அதே சொல். பிரெஞ்சில் ‘சாஜ்’ என்றால் ஞானி. குழந்தையிடம் “ஸ்வா சாஜ்” என்றால் ‘ஞானியாக இரு’ என்று அர்த்தம் இல்லை, ‘ஆடாமல் இரு’ என்று அர்த்தம். ஸ்வீடிஷில் ‘ஸ்னெல்’. ஒரு காலத்தில் வேகமும் திறமையும் உள்ளவன். ஜெர்மனில் வேகத்தைக் குறிக்கும் ‘ஷ்னெல்’ இதன் பங்காளி. ஸ்வீடிஷில் இன்று அதற்குச் சாதுவான, அன்பான, சொன்னபடி கேட்கிற என்று பொருள். ஒரே சொல் ஒரு நாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னொரு நாட்டில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறது.

வல்லவன், வீரன், ஞானி. மூன்று பேரையும் பிடித்துத் தொட்டிலருகே உட்காரவைத்து ‘அசையாதே’ என்று சொல்லியிருக்கிறார்கள் பெற்றோர்கள். யாரும் யாரிடமும் கேட்டுச் செய்ததில்லை.

ஆங்கிலத்து ‘க்யூட்’டும் தூரத்துச் சொந்தம். ‘அக்யூட்’ என்பதன் தலை வெட்டுப்பட்டுப் பிறந்தது. கூர்மையான என்று பொருள். 18-ஆம் நூற்றாண்டில் க்யூட் என்றால் சூட்டிகையான ஆள். அழகான, கொஞ்சத் தகுந்த என்ற பொருள் 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஏறியது. அங்கேயும் புத்திதான் கன்னக்குழி ஆகியிருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம், க்யூட்டான குழந்தை சும்மா இருக்க வேண்டியதில்லை. கூழில் கை விட்டாலும் க்யூட்தான். அறிவுடை நம்பிக்கு அந்தச் சொல் பிடித்திருக்கும்.

ஜப்பானியரின் ‘கவாயி’ வேறு பாதையில் வந்தது. முகம் சிவப்பது, கூச்சம் என்று தொடங்கி, பார்க்கப் பாவமாக இருப்பது என்று ஆகி, கொஞ்சத் தோன்றுவது என்று முடிந்தது. ‘கவாயிஸோ’ என்றால் இன்றும் பரிதாபம். நாய்க்குட்டியைப் பார்த்து “ஐயோ, பாவமா இருக்கு” என்று நாமும் கன்னத்தைக் கிள்ளுவதுபோல.

மலையாளத்தில் மிடுக்கன், மிடுக்கி. நம் மிடுக்கு நடையில் நின்றுவிட்டது, அவர்களுடைய மிடுக்கு மூளைக்கு ஏறிக் கெட்டிக்காரப் பிள்ளையைக் கொஞ்சும் சொல் ஆனது. கொஞ்சினாலும் கெட்டித்தனம் கெட்டித்தனமாகவே இருக்கிறது. இது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது.

ஜனவரி 16

ஒரு நண்பர் சொன்னது. பள்ளி நாளில் அவர் ‘சமத்துவம்’ என்ற சொல்லைச் சமத்து + வம் என்று பிரித்துப் படித்தாராம். ஆகவே ‘அனைவரும் சமத்துவம் பேண வேண்டும்’ என்றால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும் என்று வெகுநாள் நினைத்திருந்தாராம். சமத்துவம் ‘சம’த்திலிருந்து வருவது, நம் சமத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் சில மேடைகளைப் பார்க்கும்போது அவர் பிரித்ததுதான் சரியோ என்று படுகிறது.

அதே வரிசையில், மராட்டியத் துறவி ராமதாசர் (1608–1681) பெயருக்கு முன்னால் ‘சமர்த்த’ என்று வரும். மிக உயர்ந்த பட்டம். அதைச் ‘சமத்து ராமதாசர்’ என்று ஒருமுறை எனக்குள் மொழிபெயர்த்துத் தொலைத்துவிட்டேன், இப்போது அந்தப் பெயரைச் சிரிக்காமல் படிக்க முடிவதில்லை. மன்னிக்க வேண்டும்.

சிரிக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று. வடமொழி இலக்கணக்காரர் பாணினியில் ‘சமர்த்தஃ பதவிதிஃ’ என்று ஒரு சூத்திரம் (2.1.1). சொற்களைச் சேர்க்கும் விதிகள் எல்லாம் சமர்த்தமான சொற்களுக்குத்தான் என்கிறது. அங்கே சமர்த்தம் என்றால் பொருளால் ஒன்றோடொன்று ஒட்டிப் போகிற. ஒட்டிப் போகிற சொல் சமர்த்து. ஒட்டிப் போகிற பிள்ளையும் சமத்து. இதிலிருந்துதான் அது வந்தது என்று சொல்லவரவில்லை. ஆனால் இலக்கணக்காரர்களும் அம்மாக்களும் ஒரே குணத்தை விரும்பியிருக்கிறார்கள்.

ஜனவரி 19

சாமர்த்தியத்தை மறந்தே போனோம். ஒரே வேரிலிருந்து வந்த இரண்டில் சமத்து சின்னவர்களுக்கு, சாமர்த்தியம் பெரியவர்களுக்கு என்று வயது பார்த்துப் பிரிந்திருக்கிறது. சாமர்த்தியத்திலும் இப்போது சுத்தப் பாராட்டு இல்லை. “சாமர்த்தியமா தப்பிச்சுட்டான்” என்பதில் பாதி மெச்சல், பாதி கசப்பு. சமத்தாக வளர்ந்தவன் சாமர்த்தியசாலி ஆவதில்லை, சாமர்த்தியசாலி சின்ன வயதில் வாலாக இருந்திருப்பான் என்று எழுத ஆரம்பித்தேன். என் அக்காவை நினைத்துக்கொண்டு.

அதற்குள் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் நிறுத்தினார். “எங்கட பக்கம் சாமத்தியவீடு எண்டால் என்னவெண்டு தெரியுமோ?” தெரியும், ஆனால் சேர்த்துப் பார்த்ததில்லை. பெண் பூப்படைந்ததற்குச் செய்யும் சடங்கு. சாமர்த்தியம்தான் அங்கே சாமத்தியம். தெலுங்கிலும் ‘சமர்த்த’ என்றால் பெண் பூப்படைதல். ஆக, ஆற்றல் என்ற பழைய பொருள் வீட்டுப் பேச்சில் செத்துவிட்டது என்று நான் மனதுக்குள் போட்ட கணக்குத் தப்பு. அது உடம்பின் ஆற்றலாக, வளர்ந்து தகுதி அடைதலாக, இன்னொரு வாசல் வழியாக வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

ஜனவரி 23

அம்மாவிடம் பேசினேன். இரண்டு அடி விழுந்தது.

முதல் அடி. அம்மா மாத்திரை போட்டுக்கொண்டாள். நான் இந்தக் குறிப்புகளின் நினைப்பிலேயே “சமத்து” என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். “யாருக்குடா சமத்து?” அவ்வளவுதான், மேற்கொண்டு பேச்சில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் சகஜமானாள்.

அப்போதுதான் உறைத்தது. இந்தச் சொல் மேலிருந்து கீழேதான் ஓடும். மகன் அம்மாவைச் சொல்ல முடியாது. மேலதிகாரியைச் சொல்ல முடியாது, சொன்னால் அன்றோடு சரி. கணவன் மனைவிக்குள் சொல்லலாம், ஆனால் அது ஒருவர் மற்றவரைக் கொஞ்ச நேரம் குழந்தையாக்கும் விளையாட்டு, இரண்டு பேரும் சம்மதித்தால்தான் எடுபடும். ‘நல்லவர்’ என்று யாரையும் சொல்லலாம். ‘சமத்து’ என்று சொல்ல ஒரு கை உயரம் வேண்டியிருக்கிறது.

இரண்டாம் அடி காதுவலி. அந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள். “ரெண்டு நாளா? ஒரு ராத்திரி. அதுவும் நீதான் காதைப் பிடிச்சுண்டு வந்து என்னை எழுப்பினே. தெருவே எழுந்துது.” தலையணை ஈரம்? “அது உங்கக்கா தண்ணி கொட்டினது.” ‘நான் சமத்து’ என்று நான் சொன்ன வசனம் அவளுக்கு ஞாபகமே இல்லை.

8-ஆம் தேதிக் குறிப்பை அழிக்கவில்லை. அதை நான் ஐம்பது வருடமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், அதுவும் ஒரு தகவல்தானே. ஆனால் அதன் மேல் எதையும் கட்டாதீர்கள். நான் கட்டியதையும் கொஞ்சம் பிரிக்க வேண்டும்.

ஜனவரி 24

அக்காவும் படித்துவிட்டாள். அவள் அனுப்பியது, ஒரு எழுத்தும் மாற்றாமல்: “சமத்துன்னு பேர் வாங்கினவன் நீ. உடைச்சவனும் நீ. அடி வாங்கினவ நான். எழுதறதுன்னா இதையும் எழுது.”

எழுதிவிட்டேன். ஒரு கண்ணாடி ஜாடி சம்பந்தப்பட்ட விஷயம். கூட இருந்தவள் வாலு என்பதால் விசாரணையே நடக்கவில்லை. சமத்து என்ற பெயர் காதில் விழுந்தால் அசைய முடியாது என்றேன் அல்லவா, அதன் பின்னால் ஒளிந்துகொள்ளவும் முடியும்.

ஜனவரி 27

உயிரில்லாதவற்றுக்கும் சமத்து உண்டு என்று மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். “வண்டி சமத்தா ஸ்டார்ட் ஆயிடுத்து.” “பிரிண்டர் இன்னிக்கு சமத்தா இருக்கு.” ஒருவர் தன் முழங்காலைச் சொல்கிறார், மாடிப்படியில் நேற்றுச் சமத்தாக இருந்ததாம்.

இந்த மூன்றும் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒழுங்காக ஓடும் புது வண்டியை யாரும் சமத்து என்பதில்லை. நேற்றுவரை மக்கர் செய்த வண்டியைத்தான் சொல்கிறோம். அது அடம்பிடிக்கும், அதற்கென்று ஒரு மனசு இருக்கிறது, இன்று அந்த மனசை நமக்காக அடக்கிக்கொண்டது என்று நினைத்துத்தான் அந்தச் சொல் வருகிறது. பொம்மையைச் சமத்து என்று ஒரு பெரியவர் சொல்லிக் கேட்டதில்லை. பொம்மையால் வேறு எப்படியும் இருக்க முடியாது.

பூனையை யாராவது சமத்து என்று சொல்லியிருக்கிறீர்களா? நாயைச் சொல்வது கேட்டிருக்கிறேன்.

ஜனவரி 27, இரவு

பூனை வளர்ப்பவர்கள் வரிசையாக வந்து திட்டிவிட்டார்கள். பூனை சமத்துதான். வாபஸ்.

பிப்ரவரி 2

முதல் நாள் பாக்கி வைத்த கால்வாசி.

போன வாரம் அக்காவின் பேத்திக்கு ஊசி. இரண்டரை வயது. நானும் கூடப் போயிருந்தேன். மடியில் உட்கார்ந்து ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு பிதுங்கியது. கண் நிறைந்தது. இன்னொரு கையால் அக்காவின் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அழுகை தொண்டைவரை வந்தது எனக்குத் தெரிந்தது, அதை அவள் விழுங்கியதும் தெரிந்தது. எல்லாம் முடிந்த பிறகு மெல்லிய குரலில் “ஆச்சா?” என்றாள். அக்கா, அந்த வாலு, அவளை இழுத்து அணைத்து “சமத்து” என்றாள்.

நான் அவள் வயதில் இருபது மடங்குக்கும் மேல். பல் மருத்துவரின் நாற்காலியில் எனக்கு அது முடியாது.

வாசகி கேட்ட கேள்வி, சும்மா இருப்பது எப்படித் திறமையாகும் என்பது. இப்போது எனக்குத் தோன்றுவது, அந்த இரண்டரை வயதுக்கு அதைவிடப் பெரிய திறமை கையில் இல்லை. உடம்பு முழுக்க ‘ஓடு, கத்து’ என்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது ஈடுகொடுத்தல்தான், சமர்த்துதான். அகராதிக்காரர் எழுதிய பொருள் எங்கேயும் போகவில்லை. நாம்தான் அழுகை வராத இடத்திலும் அந்தச் சொல்லைச் சில்லறையாகக் கொடுத்துப் பழகிவிட்டோம். வந்தவர் போகிற நேரத்தில் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொல்வது ஒரு சமத்து. அக்கா சொன்னது ஒரு சமத்து. எழுத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும்.

8-ஆம் தேதி எழுதிய ‘இல்லைகளின் தொகை’யை இத்தோடு விட்டுவிடுகிறேன். கேட்க நன்றாக இருந்தது, அதனால்தான் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மடியில் அழுதிருந்தாலும் அக்கா அவளைச் சமத்து என்றுதான் சொல்லியிருப்பாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாட்டிகளின் கணக்கு வேறு.

பிப்ரவரி 3

வாசகி எழுதியிருக்கிறார். ஊசிக் கதையை மகளிடம் சொல்லி, “கஷ்டமா இருந்தாலும் தாங்கிக்கிறது சமத்து” என்று விளக்கினாராம். மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப அன்னிக்கு வந்த மாமா ஒரு மணி நேரம் பேசிக்கிட்டே இருந்தாரே, அவர் சமத்தே இல்ல” என்றாளாம்.

இந்த ‘இல்ல’ இல்லைதான். 9-ஆம் தேதி சொன்ன ‘ல்ல’ அல்ல.